தீவனப் பீட்ரூட்: டன் கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

எக்டேருக்கு 200 டன், அதுவும் நான்கே மாதத்தில். தீவனப் பீட்ரூட் பற்றி நம் நாட்டில் யார் பேசினாலும் முதலில் சொல்லும் எண் இதுதான். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக காஸ்ரி, ராஜஸ்தானின் மணற்பாங்கான நிலத்தில் உவர்நீரைப் பாய்ச்சி நடத்திய சோதனைகளில் கிழங்கும் இலையுமாக 200 டன்னைத் தாண்டி எடுத்துக் காட்டியது. எண்ணில் பொய்யில்லை. ஆனால் அந்த 200 டன்னில் ஏறக்குறைய 170 டன் தண்ணீர். மாட்டின் வயிற்றுக்குள் போய் பாலாகவும் சதையாகவும் மாறக்கூடியது மீதி 30 டன்தான்.

அந்த 30 டன்னும் சிறிய அளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு மாட்டுக்காரர்கள் நன்கறிந்த கோ-4 கம்பு நேப்பியர் புல்லுக்கு ஆண்டுக்கு எக்டேருக்கு 380 முதல் 400 டன் வரை என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. அதை நான்கு மாதத்துக்குச் சுருக்கினால் 130 டன். புல்லில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்று வைத்தால் 26 டன். ஆக, பச்சை எடையில் ஒன்றை ஒன்று விஞ்சுவதுபோலத் தெரிந்த இரண்டு பயிர்கள், காயவைத்துப் பார்த்தால் தோளோடு தோள் நிற்கின்றன. வித்தியாசம் எடையில் இல்லை, சரக்கில் இருக்கிறது. பீட்ரூட்டின் உலர்பொருளில் பாதிக்கு மேல் வெறும் சர்க்கரை. ஒரு கிலோ உலர்பொருளுக்கு 12 மெகாஜூல் அளவுக்கு மாட்டுக்குப் பயன்படும் ஆற்றல் உண்டு. முற்றிய நேப்பியரில் 8-ஐ எட்டினால் பெரிது. புரதத்தில் நிலைமை தலைகீழ். கிழங்கில் 6 முதல் 9 விழுக்காடு மட்டுமே, புல்லும் பயறுவகைத் தீவனமும் அதைவிட மேல்.

எனவே பசுந்தீவனம் என்ற பட்டியலில் இதைச் சேர்ப்பதே முதல் குழப்பம் என்று நினைக்கிறேன். மண்ணுக்குள் விளைகிற, ஈரமான அடர்தீவனம் என்று கொண்டால் எல்லாக் கணக்கும் நேராகிவிடும். ஐந்தரைக் கிலோ கிழங்கு ஏறத்தாழ ஒரு கிலோ பார்லி தானியத்தின் ஆற்றலைத் தரும். எங்கே பயிரிடலாம், எவ்வளவு வைக்கலாம், ஏன் சில இடங்களில் மாடு செத்தது, ஏன் சில நாடுகளில் வழக்கொழிந்தது, பிறகு எப்படித் திரும்பி வந்தது என்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே விளங்கும்.

தாவரவியல்படி இது நமக்குப் புதிய செடி கிடையாது. பொரியலுக்கு வாங்கும் சிவப்புப் பீட்ரூட், ஐரோப்பாவில் சர்க்கரை காய்ச்சும் வெள்ளைக் கிழங்கு, சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பாலக் கீரை, இந்தத் தீவனக் கிழங்கு எல்லாமே பீட்டா வல்காரிஸ் என்ற ஒரே இனம். ஐரோப்பியக் கடற்கரைகளில் உப்புக் காற்றில் தானாக முளைக்கும் காட்டுப் பீட் இவற்றின் பாட்டி. கடற்கரைப் பிறப்பு என்பதால்தான் உப்பைத் தாங்குகிறது. தாங்குவது மட்டுமா, சோடியம் கிடைத்தால் செழிக்கவும் செய்கிறது. ஐரோப்பிய உழவர்கள் இந்தப் பயிருக்குச் சாப்பாட்டு உப்பையே உரமாகத் தூவிய வழக்கம் உண்டு.

பஞ்சத்துக்கு வந்த கிழங்கு

கால்நடைக்கென்றே பெருங்கிழங்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகை 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கம் பரவியது. அங்கிருந்து அது பிரான்சுக்குப் போனது. கோமரெல் என்ற பாதிரியார் 1780-களில் அதைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒருங்கே சோறு போடும், விளைச்சல் பொய்க்காத கிழங்கு என்பது அவர் கட்சி. லண்டனில் மருத்துவராக இருந்த ஜான் கோக்லி லெட்சம் 1787-இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டு, விதையையும் ஊர் ஊராக அனுப்பிவைத்தார். ஏழைகளின் பசிக்கு விடை கிடைத்துவிட்டது என்று அந்தத் தலைமுறையின் நல்லவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஏழைகளோ உருளைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். கிழங்கு தொழுவத்துக்குப் போயிற்று.

தொழுவத்தில் அதன் இடம் உறுதியானது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் புல் நின்றுபோகும் நான்கைந்து மாதம் கறவை மாட்டைக் காப்பாற்ற ஒரு சேமிப்பு வேண்டும். உறைபனிக்கு முன் பிடுங்கி, வயலோரம் குவித்து, வைக்கோல் பரப்பி மண் மூடினால் வசந்தம் வரை கெடாமல் இருந்தது. புதிதாகப் பிடுங்கியதை உடனே கொடுத்தால் மாட்டுக்குக் கழிச்சல் காணும் என்பதால் ஜனவரி வரை குவியலைத் தொடமாட்டார்கள். கிடாக்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கிறது என்று அவற்றுக்கு வைப்பதைத் தவிர்த்தார்கள். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இது எவ்வளவு சாதாரணப் பொருள் என்றால், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யில் விலங்குகள் பாடும் புரட்சிப் பாட்டின் கனவிலேயே இந்தக் கிழங்கு வருகிறது. சாமர்செட் பகுதியில் அக்டோபர் கடைசி வியாழன் இரவு பிள்ளைகள் இதைக் குடைந்து விளக்கேற்றி ஊர்வலம் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

இதே கிழங்கிலிருந்துதான் சர்க்கரை ஆலைகள் பிறந்தன. பெர்லினில் மார்க்கிராஃப் 1747-இல் பீட்ரூட்டில் கரும்பில் உள்ள அதே சர்க்கரை இருப்பதைக் காட்டினார். அவர் பிரித்தெடுத்தது கிழங்கின் எடையில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அவருடைய மாணவர் ஆகார்ட், தீவன வகைகளிலிருந்து இனிப்பு மிகுந்தவற்றைப் பொறுக்கிப் பெருக்கி, 1801-02-இல் சிலேசியாவின் குனெர்ன் என்ற ஊரில் முதல் ஆலையை நடத்தினார். நெப்போலியன் காலத்துக் கடல்வழி முற்றுகையில் கரும்புச் சர்க்கரை ஐரோப்பாவுக்கு வராமல் போகவே, அந்தச் சிறு முயற்சி பெருந்தொழிலாயிற்று. இன்றைய சர்க்கரைப் பீட்டில் 16 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை. ஆலையில் சாறு போக எஞ்சும் சக்கை மறுபடி மாட்டுக்கே வருகிறது. இன்று தீவனப் பீட்ரூட் என்று விற்கப்படும் வீரிய வகைகள் பலவும் பழைய தீவனக் கிழங்கையும் சர்க்கரைப் பீட்டையும் ஒட்டிப் பிறந்தவை. பழைய வகைகளில் உலர்பொருள் 10-12 விழுக்காடு. ஒட்டு வகைகளில் 14 முதல் 19 வரை. இனிப்பு ஏற ஏறக் கிழங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. பழைய வகை மூன்றில் இரண்டு பங்கு வெளியே தலைநீட்டி நிற்கும், கையால் இழுத்தாலே வரும். சர்க்கரை வகைக்கு மண்வெட்டி வேண்டும்.

ஒரு விதைக்குள் நான்கு

மொட்டைமாடியில் பாலக் விதை போட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தக்கை போன்ற, கரடுமுரடான அந்த ‘விதை’யை ஒன்று ஊன்றினால் இரண்டு மூன்று நாற்று ஒட்டிக்கொண்டு வரும். அது ஒரு விதையே இல்லை. பல பூக்கள் ஒன்றாய்ப் பிணைந்து காய்த்த கொத்து. கீரைக்கு அது நல்லதே. கிழங்குக்குக் கேடு. ஓரிடத்தில் மூன்று செடி நின்றால் மூன்றும் விரல் தடிமனோடு நின்றுவிடும். ஆகவே வயல் முழுக்கக் குனிந்து, ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளியெறிய வேண்டும். எக்டேருக்கு ஒரு லட்சம் இடம். இயந்திரத்தால் முடியாது, ஏனென்றால் நாற்றுகள் வேரோடு பின்னிக்கிடக்கும்.

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூலியாள் கிடைக்காமல் போனபோது இந்தப் பயிரை முதலில் அடித்தது இந்த வேலைதான். டென்மார்க்கின் பால் பண்ணைகள் பல பத்தாண்டுகள் பீட்ரூட்டை நம்பியிருந்தவை. பிரிட்டனும் அப்படியே. களை எடுப்பதும், நாற்றைக் கலைப்பதும், குளிரில் பிடுங்கிச் சுமப்பதும் ஆள் தின்றன. மக்காச்சோளத்தை இயந்திரத்தால் வெட்டி ஊறுகாய்ப்புல்லாக மூடிவைக்கும் முறை வந்ததும், பண்ணைகள் மூச்சுவிட்டு அந்தப் பக்கம் போயின.

விடையைக் கண்டவர் சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த வி. எஃப். சாவிட்ஸ்கி. 1948-இல் ஓரிகன் மாநிலத்தில் விதைக்காக நிறுத்திய சர்க்கரைப் பீட் வயலில் நடந்து, சுமார் 3 லட்சம் செடிகளைப் பார்த்து, கொத்தாக இல்லாமல் ஒற்றையாகக் காய்த்த 5 செடிகளைக் கண்டெடுத்தார். இன்று உலகெங்கும் விதைக்கப்படும் ஒற்றைமுளை விதைகள் பலவற்றின் மூலம் அந்தச் செடிகளில் இருக்கிறது. ஒற்றைமுளை விதை, அதன்மேல் களிமண் பூச்சு, துல்லியமாக ஊன்றும் கருவி, பீட்ரூட்டை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்துகள் என்று எல்லாம் சேர்ந்ததும், செத்துப்போனதாக எழுதப்பட்ட பயிருக்கு இரண்டாம் பிறவி கிடைத்தது. அதற்கான மேடை ஐரோப்பா கிடையாது, நியூசிலாந்து.

கம்பி நகர்த்தும் வேலை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கேன்டர்பரியும் சவுத்லாந்தும் மாடு நிறைந்த மாவட்டங்கள். அங்கு மாட்டைக் கட்டிவைத்துத் தீனி போடுவதில்லை. ஜூன், ஜூலை குளிரில் பால் வற்றிய சினைமாடுகளை ஏதாவது ஒரு தீவன வயலில் விட்டு, ஆகஸ்டில் கன்று போடும்வரை தேற்ற வேண்டும். முன்பு அதற்கு முட்டைக்கோஸ் இனத்துக் கீரைகளும் கிழங்குகளும் இருந்தன. லிங்கன் பல்கலைக்கழகத்தின் கால்நடை அறிஞர் ஜிம் கிப்ஸ் 2000-களின் பிற்பகுதியில் தீவனப் பீட்ரூட்டைக் கையிலெடுத்து, மாட்டை அதற்குப் பழக்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். பத்தாண்டுக்குள் சில நூறு எக்டேர் பல்லாயிரம் எக்டேராயிற்று. பாசனத்தில் எக்டேருக்கு 20 முதல் 30 டன் உலர்பொருள். நின்ற இடத்திலேயே மாடு கடித்துத் தின்பதால் அறுவடைச் செலவே கிடையாது.

அந்த வயலின் காலை வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஆபத்து புரியும். மாடுகள் வரிசையாக மின்கம்பியின் பின்னால் நிற்கும். கம்பியை முன்னே நகர்த்தினால் அன்றைய தீனி. எக்டேருக்கு 20 டன் உலர்பொருள் என்றால் சதுர மீட்டருக்கு 2 கிலோ. ஒரு மாட்டுக்கு 8 கிலோ என்று முடிவு செய்தால் அதன் பங்கு 4 சதுர மீட்டர். விளைச்சலைக் குறைத்து மதிப்பிட்டு, உண்மையில் 30 டன் நிற்கும் வயலை 20 என்று நினைத்துவிட்டால், அதே 4 சதுர மீட்டரில் 12 கிலோ கிடைக்கும். வலுத்த மாடு பக்கத்து மாட்டின் பங்கையும் சேர்த்துத் தின்னும். மறுநாள் காலை அது அசைபோடாமல் தலைதொங்க நிற்கும், பிறகு படுத்துவிடும்.

உள்ளே நடப்பது இது. முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும் மாட்டுக்குத் திடீரென்று சர்க்கரை வந்து சேர்ந்தால், சர்க்கரையைத் தின்னும் வேறு நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அமிலம் ஏறியதும் நல்ல நுண்ணுயிர்கள் மடியும், இரைப்பையின் சுவர் வேகும், உடலின் நீர் இரைப்பைக்குள் இழுபடும். இது நமக்குத் தெரியாத நோயில்லை. மாட்டுப் பொங்கலன்று பாசமாகப் பொங்கலையும் சோற்றையும் அள்ளி அள்ளி ஊட்டி, மறுநாள் வயிறு உப்பிப் படுத்த மாட்டுக்கு மருத்துவரை அழைத்து ஓடுகிறோமே, அதே அமில நோய்தான். ஒவ்வோர் ஆண்டும் தை பிறக்கும்போது கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கை விடுவதும் இதற்காகவே.

நியூசிலாந்தில் வகுத்த பழக்கமுறை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். முதல் நாள் உலர்பொருள் கணக்கில் 1 அல்லது 2 கிலோ. இரண்டு நாளுக்கு ஒரு கிலோ வீதம் ஏற்றம். முழு அளவுக்கு வர இரண்டு முதல் மூன்று வாரம். கிழங்குக்கு முன் வயிறு நிறைய வைக்கோல் அல்லது காய்ந்த புல். அதை மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறும், அது அமிலத்தை முறிக்கும்.

முதல் சில ஆண்டு உற்சாகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற பேச்சும் நிலவியது. பிறகு சில மந்தைகளில் கன்று ஈன்ற மாடு எழ முடியாமல் போவதும், எலும்பு பலமற்றுப் போவதும் தெரிய வந்தன. கிழங்கில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, கால்சியமும் அதிகமில்லை. மாதக்கணக்கில் அதையே தின்றால் எலும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். பால்மாட்டு உழவர்களின் அமைப்பான டெய்ரிஎன்இசட் பால் வற்றிய மாட்டின் உணவில் 60 விழுக்காட்டுக்கும், கறவையில் 30 விழுக்காட்டுக்கும் மேல் வேண்டாம் என்று வரம்பு போட்டது. தாது உப்பாக டை கால்சியம் பாஸ்பேட் தூவுவது வழக்கமாயிற்று. இன்னொரு பக்கம், குளிர்மழையில் சேற்றுக்குள் முழங்கால் புதைய நிற்கும் மாடுகளின் படங்கள் 2019-இல் நாட்டையே சங்கடப்படுத்தின. அரசு ஒரு குழு அமைத்தது, 2020-இல் நன்னீர்ச் சட்ட விதிகளில் குளிர்கால மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு வந்தது. இப்போது பீட்ரூட் அங்கே ஒழியவும் இல்லை, பழைய ஆர்ப்பாட்டமும் இல்லை. எனக்கு அதுவே சரியான இடம் என்று தோன்றுகிறது.

தார் பாலைவனத்து ரபி

இந்தியாவில் இந்தப் பயிருக்குப் பொருத்தமான வீடு எது என்று கேட்டால் மேற்கு ராஜஸ்தான் என்பேன். அங்கே குளிர்காலம் உண்டு, மழை இல்லை, கிணற்று நீர் உப்பு. கம்பந்தட்டை வைத்தே தார்பார்க்கர் மாட்டையும் மார்வாரி ஆட்டையும் காலம் தள்ள வேண்டும். பச்சைக்குக் குதிரைமசால் போட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

காஸ்ரியின் சிபாரிசுப்படி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் பாரின்மேல் விதை ஊன்ற வேண்டும். எக்டேருக்கு 2 முதல் 2.5 கிலோ விதை. ஜனவரி நடுவில் கிழங்கு ஒரு கிலோவை எட்டியதும் அன்றாடத் தேவைக்குப் பிடுங்கத் தொடங்கி ஏப்ரல் நடுவரை எடுக்கலாம். நிலமே கிடங்கு, ஐரோப்பாவைப்போலக் குவித்து மண் மூடும் வேலையில்லை. மோன்ரோ, ஜே.கே. குபேர், ஜெரோனிமோ, ஜாமோன் ஆகிய வகைகள் அங்கே பேசப்படுகின்றன. கிழங்கைக் கழுவி, சிறு துண்டாக நறுக்கி, தட்டையோடு கலந்து, பத்து நாள் படிப்படியாக ஏற்றி, மாட்டுக்கு 12 முதல் 20 கிலோ, ஆட்டுக்கு 4 முதல் 6 கிலோ வரை வைக்கலாம். மொத்த உலர் உணவில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அவர்கள் சொல்வதே. தாரும் நியூசிலாந்தும் ஒரே வரம்பில் வந்து நின்றிருப்பது கவனிக்கத்தக்கது.

நறுக்குவதைச் சோம்பல் பார்த்து விடக் கூடாது. மேலும் கீழுமாகப் பல் உள்ள இடத்தில் மட்டுமே மாடு கடிக்க முடியும், முன்மேல்வாயில் அதற்குப் பல் கிடையாது. எலுமிச்சை அளவுத் துண்டும், கை நழுவிய முழுச் சிறுகிழங்கும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

200 டன்னுக்குத் திரும்பினால், அந்த எண்ணின் உள்கணக்கு ஒன்றுண்டு. எக்டேரில் ஒரு லட்சம் செடி நின்று, ஒவ்வொன்றும் இலையோடு 2 கிலோ வந்தால்தான் 200 டன். பாரில் இடைவெளி விழுந்தால் அதை நிரப்பப் பக்கத்துச் செடியால் ஓரளவுதான் முடியும். ஆராய்ச்சி நிலையத்தில் முளைக்காத இடத்தைப் பார்த்துப் பார்த்து நட்டிருப்பார்கள். உழவரின் வயலில் முளைப்பே பாதிப் போர். உப்பைத் தாங்கும் பயிர் என்றாலும் முளைக்கும்போது அது உப்பைத் தாங்காது. வளர்ந்த பயிர் மண்கரைசலின் உப்பு மீட்டருக்கு 7 டெசிசைமன் வரை விளைச்சல் குறையாமல் நிற்கும். முளைவிடும் பருவத்தில் 3-ஐத் தாண்டினாலே நாற்று தடுமாறும். முதல் இரண்டு தண்ணீரை நல்ல நீராகக் கட்டிவிட்டுப் பிறகு உவர்நீருக்கு மாறுவது இதனால்தான். போரான் குறைந்தால் கிழங்கின் நடு கறுத்து அழுகும். முதல் ஆறு வாரம் களை முந்தினால் பயிர் மீளாது.

விதை இன்னொரு கட்டு. இது ஈராண்டுப் பயிர், குளிர் பட்டால்தான் இரண்டாம் ஆண்டில் பூக்கும். சமவெளியில் விதை எடுக்க முடியாது. வீரிய விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்கியாக வேண்டும், அதில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது.

இலையைப் பற்றி ஒரு சொல். புரதம் இலையில்தான் இருக்கிறது, 15 விழுக்காட்டுக்கு மேல். ஆக்சாலிக் அமிலமும் அங்கேதான். வாடவிட்டு, அளவாக, தாது உப்போடு கொடுப்பது பழைய வழக்கம். அளவு மீறினால் கழிச்சல் காணும். இந்த இனத்தில் மிகுந்திருக்கும் பீட்டைன் என்ற பொருள் வயிற்றில் உருமாறிப் பாலில் மீன்வாடை அடிக்கச் செய்வதும் உண்டு. கறந்த பிறகு கொடுப்பது உத்தமம்.

மனிதர் தின்னலாமா?

தின்னலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் பருவத்தில் தோல் சீவி வேகவைத்தால் பீட்ரூட்டுக்குரிய அதே இனிப்பும் மண்வாசனையும். மஞ்சளும் வெள்ளையுமான வகைகளில் கை சிவக்காது. இலையைப் பாலக்போலக் கூட்டு வைக்கலாம். மூன்று கிலோவுக்குப் பெருத்ததும் வளையம் வளையமாக நார் ஓடிச் சக்கையாகிவிடும். பிரிட்டனில் இதை ஊறவைத்து மதுவும் பீரும் காய்ச்சினார்கள். ரைன் பகுதியில் சர்க்கரைப் பீட்டை வேகவைத்துப் பிழிந்து சுண்டக் காய்ச்சிய கரிய பாகை இன்றும் ரொட்டியில் தடவித் தின்கிறார்கள். நம் வெல்லப்பாகுக்குத் தம்பி முறை. மற்றபடி இந்தக் கிழங்கு மனிதத் தட்டுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் வேறு வழியற்ற காலங்களில்தான். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் பிடியில் பட்டினி கிடந்த ஆம்ஸ்டர்டாம் மக்கள் சர்க்கரைப் பீட்டையும் துலிப் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்தார்கள். 

இன்றைக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை சேர்த்தாக வேண்டும். தீவன விதைகளுக்குப் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிப் பூச்சு இருக்கும். வயலில் அடிக்கும் களைக்கொல்லி சமையல் காய்கறிக்கென்று அனுமதிக்கப்பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. தின்னும் ஆசை இருந்தால் மருந்து காணாத தனிப்பாத்தியில் போட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இலையைத் தவிர்ப்பது நல்லது.

தமிழ்நாட்டுக்கு வருமா?

இனத்தைப் பொறுத்தவரை வந்தாகிவிட்டது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிவப்புப் பீட்ரூட் விளைகிறது. உதகையில் உருவான ஊட்டி-1 அந்த மலைக்குளிரிலேயே விதையும் கட்டுகிறது. வெப்பமண்டலச் சர்க்கரைப் பீட்டை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சமவெளியில் சோதித்து, காவேரி, இண்டஸ், சுப்ரா என்ற வீரிய வகைகளைச் சிபாரிசும் செய்தது. ஐந்து ஆறு மாதத்தில் கிழங்கு தயாராகிவிட்டது. ஆனாலும் கரும்பை அது அசைக்கவில்லை, இன்று வயலில் காண்பது அரிது. பிடுங்கிய கிழங்கை வெயிலில் வைத்துக் காத்திருக்க முடியாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த மண்ணில் ஸ்கிலரோசியம் என்ற பூஞ்சணம் வேரை அழுக வைக்கிறது, இலையில் செர்கோஸ்போரா புள்ளி, புரோடீனியா புழு. தீவனப் பீட்ரூட்டும் இதே சத்துருக்களைச் சந்தித்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதங்களில்தான் ராஜஸ்தானில் விதைப்பு என்பதையும் மறக்கக் கூடாது. கடலூர், நாகை உவர்நிலத்தில் உப்புக்குத் தப்பும் நாற்று தேங்கிய நீருக்குத் தப்பாது.

அதற்கும் மேலாக, இது தீர்க்க வரும் பிரச்சினை நம்மிடம் அந்த வடிவில் இல்லை. ஐரோப்பாவுக்கும் தாருக்கும் பச்சை நின்றுபோகும் காலம் ஒன்று உண்டு. நம் இறவை நிலத்தில் நேப்பியர் ஆண்டு முழுக்க அறுவடை தருகிறது. ஆற்றல் தீவனத்துக்கு மக்காச்சோளமும் தவிடும், சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலையின் மரவள்ளித் திப்பியும் இருக்கின்றன. நமக்குக் குறைவது புரதம். பீட்ரூட் அந்தக் குறையை ஆழமாக்கும். 15 கிலோ கிழங்கு வைத்தால் உலர்பொருள் இரண்டேகால் கிலோ, அதில் புரதம் ஏறத்தாழ 200 கிராமைத் தாண்டாது. கூடவே வேலிமசாலோ அகத்தியோ கடலைப் புண்ணாக்கோ வைக்காவிட்டால் பாலும் ஏறாது, பால் சொசைட்டியில் பார்க்கும் கொழுப்பற்ற இதர சத்தும் ஏறாது.

விலை பார்க்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். கிழங்கு கிலோ 2 ரூபாய்க்கு அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 விழுக்காடு உலர்பொருள் என்றால், உலர்பொருள் கிலோ 13 ரூபாய்க்கு மேல். மக்காச்சோளம் கிலோ 24 ரூபாய் என்றால், அதன் உலர்பொருள் 27 ரூபாய். இங்கே கிழங்கு ஜெயிக்கிறது. நறுக்கும் கூலியும் விதைச் செலவும் சேர்ந்து அடக்கம் 4 ரூபாயைத் தொட்டால் ஆட்டம் சமம், அதற்கு மேல் தோல்வி. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

என் முடிவு இது. சமவெளியில் நல்ல தண்ணீரும் நேப்பியரும் உள்ளவர்களுக்குத் தீவனப் பீட்ரூட் தேவையில்லை. கிணறு உப்பாகிப்போய், வடிகால் உள்ள செம்மண்ணோ மணற்சாரியோ வைத்திருக்கும் மேற்கு மாவட்டத்தாரும், மலையடிவாரத்தில் குளிர் இரவுகள் வாய்த்தவர்களும் முயன்று பார்க்கலாம். அவர்களுக்காகப் பல்கலைக்கழகமும் கால்நடைத் துறையும் உவர்நீர்ச் சோதனைகளை நடத்தி, விளைச்சலைப் பச்சை எடையில் சொல்லாமல் உலர்பொருளில் வெளியிட வேண்டும். முயல்பவர்கள் ஏக்கர் கணக்கில் இறங்காமல், மழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் ஐந்து சென்டில் ஊன்றுங்கள். பங்குனிக்குள் தீர்த்துவிடுங்கள். முதல் நாள் மாட்டுக்கு இரண்டு கிலோ கிழங்குக்கு மேல் வைக்காதீர்கள், அதையும் வைக்கோல் தின்ற பிறகே வையுங்கள்.